குற்றியும் கொழுக்கியும் முதுகும்

நோர்வேயின் உட்பகுதியில், குளோமா ஆற்றின் பள்ளத்தாக்கொன்றில் வாழும் நண்பரொருவர் சென்ற மாரிகாலத்தில் 11 கிழமைகள் வேலைக்குச் செல்ல இயலாது படுக்கையிற் கிடந்தார். வீதி விபத்தன்று, தொழிற்சாலை விபத்துமன்று. பனி மூடிய காணியொன்றில், பேர்ச் மரக் குற்றியொன்றை இரு கைகளாலும் கட்டிப் பிடித்துத் தூக்கினார். அவ்வளவே. குற்றி நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்தது. அதன்பின் அவர் நிமிரவில்லை. நோர்வேஜிய அயலவர் இருவர் அவரை ஒரு பலகையிற் கிடத்தி வீதிவரை இழுத்து வந்தனர்.

“எங்கள் ஊர்ச் சீமெந்துப் பை அளவுதான் இருக்கும் என்று நினைத்தேன்” என்றார் பின்னர். அவருடைய மதிப்பீடு மோசமானதன்று. குற்றியை நான் பின்னர் அளந்து பார்த்தேன். விட்டம் 30 சென்ரிமீற்றர். நீளம் 90 சென்ரிமீற்றர். புதிதாகத் தறித்த பேர்ச் மரம் கனமீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 900 கிலோ நிறையுடையது. கணக்கிட்டால் 57 கிலோ வருகின்றது. சீமெந்துப் பையோ 50 கிலோ. ஆயின் சீமெந்துப் பை முதுகிலே வளைந்து படிந்து கொள்ளும்; குற்றி படியாது. உருளும், வழுக்கும், பனிக்கட்டி பூசியிருந்தால் கையிலிருந்து மீனைப்போல நழுவும்.

இக்கட்டுரை அந்த 57 கிலோவைப் பற்றியது. அதனை எவ்வாறு தூக்காமல் விடுவது, தூக்கியே ஆகவேண்டுமெனில் எக்கருவியைக் கையில் எடுப்பது என்பதே பேசுபொருள். விறகு பற்றி எழுதுவதற்கு இவனுக்கு என்ன வந்தது என்று சிலர் எண்ணக்கூடும். நோர்வே, சுவீடன், டென்மார்க், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிற் சிற்றூர்களில் வாழும் எம்மவர் பலர் இன்று மாரிக்கு விறகு சேர்ப்பவர்களாகிவிட்டனர் என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணார்.

விறகுகாலையிலிருந்து பனிக்காட்டுக்கு

யாழ்ப்பாணத்தில் விறகு என்பது விறகுகாலையில் அந்தர்க் கணக்கில் வாங்கும் பொருள். வன்னியிலிருந்து லொறியில் வந்திறங்கும். தராசில் நிறுத்து, வண்டிலில் ஏற்றி, வீட்டுக் கோடியில் இறக்குவார்கள். தூக்குபவர் வேறொருவர், அவருடைய தோளில் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருக்கும். அந்தத் தோளுக்கு என்ன நேர்ந்தது என்று எம்முள் எவரும் அன்று கேட்கவில்லை. அடுப்பெரிக்க வேண்டிய அளவும் சிறிது. குளிர் காய்வதற்கு விறகு தேவை என்ற எண்ணமே எமக்கு இருந்ததில்லை.

நோர்வேயிலோ பெரும்பாலான வீடுகள் நீர்மின்சாரத்தினாற் சூடாக்கப்படுகின்றன. நெடுங்காலம் அது மலிவாகக் கிடைத்தது. 2021ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் தென் நோர்வேயில் மின்கட்டணம் திடீரென உயர்ந்தபோது, அவ்வாண்டு டிசெம்பரிலிருந்து அரசே வீடுகளுக்கு உதவித்தொகை வழங்க நேர்ந்தது. அம்மாரியில் எம்மவர் பலர் வீட்டின் மூலையில் பூச்சாடி வைக்கும் பீடமாகப் பயன்பட்ட இரும்பு அடுப்பைத் துடைத்தெடுத்தார்கள். உலர்ந்த பேர்ச் விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 கிலோவாற்று மணி வெப்பம் அடங்கியுள்ளது. அடுப்பு நல்லதாயின் அதில் முக்காற்பங்கு அறைக்குள் வரும்.

பையிலடைத்த விறகை எரிபொருள் நிலையத்தில் வாங்குவோர் அதன் விலையையும் விரைவில் உணர்ந்தனர். ஆகவே காட்டுச் சொந்தக்காரரிடம் சிறு தொகை கொடுத்து, அவர் காட்டிய மரங்களைத் தாமே தறித்து எடுத்துச் செல்லும் வழக்கத்துக்கு எம்மவரும் வந்து சேர்ந்தனர். ‘செல்வ்ஹொக்ஸ்ட்’ என்று இதனை இங்கு சொல்வார்கள். தானே தறித்தல் என்று பொருள். நோர்வேஜியர் இதனை ஒரு பண்டிகை போலச் செய்வர். விறகு பற்றி லார்ஸ் மித்திங் என்பவர் 2011இல் எழுதிய நூல் அமோகமாக விற்பனையாயிற்று. 2013 பெப்ரவரியில் நாட்டின் பொதுத் தொலைக்காட்சி 12 மணிநேரம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியது. அடுக்கும்போது பட்டை மேல்நோக்கி இருக்க வேண்டுமா, கீழ்நோக்கி இருக்க வேண்டுமா என்பது பற்றிப் பார்வையாளர்கள் தொலைக்காட்சி நிலையத்துக்கு முறையிட்டார்களாம். நாம் பட்டிமன்றத்தில் வாதிடாத ஒரு பொருள் இது.

ஆனால் நோர்வேஜியச் சிறுவன் தந்தையோடு காட்டுக்குச் செல்லும்போதே எந்தக் கருவியை எங்கே கொளுவுவது என்பதைக் கண்டு பழகுகிறான். நாம் அவ்வாறு பழகவில்லை. நாம் கைகளோடு மட்டும் செல்கிறோம்.

முதுகெலும்பு என்னும் நெம்புகோல்

ஒரு காலத்தில் நான் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் நெம்புகோலின் மூவகைகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டியவன். அன்று நான் ஒரு குற்றியையேனும் தூக்கியிருந்தால் இன்னும் நன்றாகக் கற்பித்திருப்பேன்.

குனிந்து தூக்கும் மனிதனின் முதுகே ஒரு நெம்புகோல். இடுப்புக்கு அருகே உள்ள கீழ் முள்ளந்தண்டு அதன் சுழலிடம். பாரம் முன்பக்கம் கைகளிலே தொங்குகின்றது. சுழலிடத்திலிருந்து அரை மீற்றர் தூரம் எனக் கொள்வோம். அதனைத் தாங்கும் தசையோ முள்ளந்தண்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்திலேயே உள்ளது. பத்தில் ஒரு பங்கு தூரம் என்பதால் பத்து மடங்கு இழுவை தேவைப்படுகின்றது. 20 கிலோக் குற்றிக்குத் தசை 200 கிலோவுக்குரிய விசையோடு இழுக்க வேண்டும். குனிந்திருக்கும் மேலுடம்பின் சொந்தப் பாரம் இதற்குப் புறம்பு. அவ்வளவும் முள்ளந்தண்டுகளுக்கிடையேயுள்ள மெல்லிய தட்டுகளை நசுக்குகின்றது. நண்பருக்குப் பிதுங்கியது அத்தகைய தட்டொன்றுதான்.

பிரித்தானியாவின் தொழிற் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டுள்ள வழிகாட்டலில், இடுப்பு உயரத்தில் உடலோடு அணைத்துத் தூக்கும் ஆணுக்கு 25 கிலோவும் பெண்ணுக்கு 16 கிலோவும் குறிக்கப்பட்டுள்ளன. அதற்குமேற் செல்லுமுன் நிலைமையைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும் என்பது அவ்வழிகாட்டலின் பொருள். நிலமட்டத்திலிருந்து தூக்கும்போதோ ஆணுக்கு 10 கிலோ, பெண்ணுக்கு 7 கிலோ. கையை முன்னே நீட்டித் தூக்கினால் அவையும் முறையே 5, 3 எனக் குறைந்துவிடுகின்றன. இவ்வெண்களை நான் நண்பருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். சிரித்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டார். குற்றி எப்போதும் நிலத்திலேதானே கிடக்கின்றது என்றார்.

சரியாகச் சொன்னார். கருவியின் வேலையே அங்குதான் தொடங்குகின்றது. கொழுக்கியும் குறடும் குற்றியின் பாரத்தை ஒரு கிராமேனும் குறைப்பதில்லை. அவை கையை ஒரு முழம் நீட்டித் தருகின்றன. அந்த ஒரு முழத்தால் முதுகு வளையாமல் முழங்கால் மடிந்தாற் போதுமாகின்றது. பிடியில்லாத உருண்டைக்கு ஒரு பிடி கிடைக்கின்றது. வேறு சில கருவிகள் தூக்கும் வேலையையே உருட்டும் வேலையாக மாற்றிவிடுகின்றன. முதுகுக்கு அவையே மேலான நண்பர்கள்.

கைக்கொழுக்கி

எல்லாவற்றிலும் எளிதும் மலிவுமான கருவி இது. கேள்விக்குறியைப் போல வளைந்த உருக்குக் கம்பி. ஒரு முனையில் மூடிய வளையமான கைப்பிடி, மறுமுனையிற் கூர். அரைக் கிலோ அளவே இருக்கும். மூட்டை தூக்குவோர் வைத்திருக்கும் சாக்குக் கொழுக்கியின் உறவினன் என்று சொல்லலாம். நோர்வேஜிய மொழியில் ‘லோஃப்தெகுறூக்’. கடையிற் கேட்கும்போது இச்சொல்லைச் சொன்னாற் போதும்.

கூரைக் குற்றியின் பக்கவாட்டிற் கொத்துவது புதியவர்கள் செய்யும் தவறு. பேர்ச் மரத்தின் பட்டை தோல்போல உரியும். கொழுக்கி பட்டையோடு கழன்று வரும். வெட்டுமுகத்திற் கொத்த வேண்டும். அங்கு கூர் நாருக்குள் இறங்கி, இழுக்க இழுக்க இறுகும். கழற்றுவதற்குக் கையைச் சற்று முன்னே தள்ளினாற் போதும். இற்றுப்போன மரத்தில் இதனை நம்பக் கூடாது. கொத்தியபின் ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்த்தே பாரத்தை ஏற்ற வேண்டும். இழுக்கும் திசையில் உமது முழங்கால் இருக்கலாகாது. கொழுக்கி கழன்றால் அது செல்லும் இடம் அதுவே.

வாங்கும்போது மாரிக்கால் கையுறையை உடன் கொண்டு சென்று, அதனை அணிந்த கையோடு பிடியைப் பற்றிப் பாருங்கள். கடையின் வெப்பத்தில் வெறுங்கைக்கு அழகாகப் பொருந்தும் பிடி, காட்டிற் கையுறைக்குள் இடமின்றி விரலை நெரிக்கும். பிடி வெறும் இரும்பாயிருந்தால் விட்டுவிடுங்கள். பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில் இரும்பு கையுறையையும் ஊடுருவிக் குளிரும். நிறமும் வீண் அலங்காரமன்று. செம்மஞ்சளோ சிவப்போ பூசியிருக்க வேண்டும். என்னுடைய முதற் கொழுக்கி சாம்பல் நிறமுடையது. ஜனவரியிற் பனிக்குள் விழுந்ததை ஏப்ரலிற் கண்டெடுத்தேன்.

கூர் மழுங்கினால் அரத்தால் தீட்டுங்கள். சுழலும் சாணைக்கல்லிற் கொடுத்தால் நுனி சூடேறி நீலம் பாயும். உருக்கின் பதம் போய்விடும். ஊசிபோல மெலியத் தீட்டவும் வேண்டாம். மெலிந்த நுனி உறைந்த மரத்தில் முறியும்.

குறடு

இரண்டாவது கருவி தூக்குக் குறடு. இரு வளைந்த தாடைகள் கத்தரிக்கோல் போல ஓர் ஆணியிற் கோக்கப்பட்டிருக்கும். மேலே ஒரு பிடி. பிடியைத் தூக்கினால் தாடைகள் தாமாகவே நெருங்கிக் குற்றியைக் கவ்வும். பாரம் கூடக் கூடப் பிடியும் இறுகும். பாரத்தையே பிடியாக மாற்றும் இச்சிறு தந்திரத்தைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவனுக்கு ஒரு விரிவுரையாளர் பதவி கொடுத்திருக்க வேண்டும்.

இங்கு கவனிக்க வேண்டியது தாடையின் விரிவு. கூர்கள் குற்றியின் நடுக்கோட்டுக்குக் கீழே சென்று கவ்வ வேண்டும். குற்றி பெரிதாகி, கூர்கள் நடுக்கோட்டுக்கு மேலேயே தங்கிவிட்டால், தூக்கும்போது குறடு மேல்நோக்கி வழுக்கும். நீர் பின்னே விழுவீர். குற்றி உமது காலில் விழும். ஆகவே பெரிய குறடே நல்லது என்றும் எண்ண வேண்டாம். மிக விரியும் குறடு மெல்லிய கட்டைகளை இறுகப் பற்றாது. வீட்டு விறகுக்கு 10 முதல் 25 சென்ரிமீற்றர் வரையான குற்றிகளே மிகுதி. அந்த அளவுக்குரியதை வாங்குங்கள். அதனினும் பெரியதைக் கையாற் தூக்கவே வேண்டாம்.

ஸ்கண்டிநேவியக் காடுகளில் மரம் தறிப்போர் இடுப்பு வாரின் ஒருபுறம் கொழுக்கியையும் மறுபுறம் குறட்டையும் செருகி வைத்திருப்பர். ஒரு கையிலுள்ள கொழுக்கி வெட்டுமுகத்திலே, மறு கையிலுள்ள குறடு குற்றியின் நடுப்பக்கத்திலே. இவ்வாறு ஒரு மீற்றர் நீளக் கட்டையை நிமிர்ந்து நின்றே உடலுக்கருகிற் கொண்டு செல்லலாம். என் அனுபவத்தில் ஒன்றை மட்டும் வாங்கப் பணமிருப்பவர் குறட்டை வாங்குவது நல்லது. இரண்டும் சேர்ந்தாலும் சில நூறு குரோணர்களுக்குள் அடங்கும்.

பனிக்கட்டி படிந்த குற்றியில் குறடு வழுக்கும். கோடரியின் பின்புறத்தால் இரு தட்டுத் தட்டிப் பனிக்கட்டியை உதிர்த்தபின் கவ்வச் செய்யுங்கள். அரை நிமிட வேலை இது. நம்மவர் அவசரத்தில் இதனைச் செய்வதில்லை.

மலைநாட்டாரின் நீண்ட கொத்தி

சுவிற்சர்லாந்திலும் தென் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் வாழும் வாசகர்கள் வேறொரு கருவியைக் கண்டிருப்பர். நீண்ட மரப் பிடியின் தலையில், கிளியின் அலகைப் போலச் சற்றே வளைந்து நீண்ட இரும்புக் கூர். ‘சப்பி’ என்று அழைப்பர். அல்ப்ஸ் மலைச்சரிவுகளில் தறித்த மரத்தைக் கீழே இறக்குவோர் பயன்படுத்தி வந்த கருவி. தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் பிக்கான் போலிருக்கும். ஆயின் அதைப்போல ஓங்கி மண்ணிற் கொத்துவதற்கன்று. மரத்தில் ஊன்றி இழுப்பதற்கும், அடியிற் செலுத்தி நெம்புவதற்கும், சரிவிலே திசை திருப்புவதற்கும் உரியது.

இதன் சிறப்பு குனியாமை. நின்றபடியே கூரை ஊன்றி, நின்றபடியே இழுக்கலாம். ஒரு முழ நீளமுள்ள சிறிய கைச்சப்பியும் உண்டு. அது கொழுக்கியின் வேலையைச் செய்யும். பிடி ‘ஆஷ்’ மரத்திலோ ‘ஹிக்கரி’ மரத்திலோ செய்யப்பட்டதாயிருக்கட்டும். பிடியின் நார் நுனிமுதல் அடிவரை நேரே ஓடுகின்றதா என்று கண்ணருகே வைத்துப் பாருங்கள். குறுக்கே ஓடி விளிம்பில் வெளியேறும் நார் உள்ள பிடி, நெம்பும்போது அவ்விடத்திலேயே முறியும். சரிவான காட்டில் வேலை செய்பவருக்கே இக்கருவியின் முழுப்பயன் கிட்டும். சமநிலத்தில் வாழ்வோர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

தூக்காதே, உருட்டு

பாரமான குற்றிக்கு உரிய கருவி திருப்புக் கொழுக்கி. நீண்ட பிடி, அதன் கீழ்ப்பகுதியிற் கீலில் ஆடும் வளைந்த கொழுக்கி. கொழுக்கி குற்றியின் ஒருபுறம் கவ்வ, பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினாற் குற்றி உருளும். நீளமான பிடி கையின் விசையைப் பன்மடங்காக்குகின்றது. 30 சென்ரிமீற்றர் விட்டமும் 2 மீற்றர் நீளமும் உடைய பச்சைக் குற்றி 127 கிலோ. அதனைத் தூக்க எண்ணுபவன் மூடன். ஆனால் ஒரு பெண்மணி தனியே உருட்டிச் செல்வதை நான் கண்டிருக்கிறேன். அவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஸ்ரில்வோட்டர் என்னுமிடத்தைச் சேர்ந்த யோசப் பீவி என்ற கொல்லர் 1858இல் இதற்கு உறுதியான கீலும் முனையிலே நீண்ட கூரும் அமைத்தார். ஆற்றிலே மிதந்து வந்து சிக்கிக்கொள்ளும் மரங்களை விடுவிப்போருக்காகவே அவர் அதனைச் செய்தார். அக்கருவி இன்றும் ஆங்கிலத்தில் ‘பீவி’ என்றே வழங்குகின்றது.

ஆற்றில் மரம் மிதக்கவிடுதல் இப்பள்ளத்தாக்கிலும் பெருந்தொழிலாக இருந்தது. குளோமா ஆற்றில் அது 1985இல் முடிவுற்றது. எல்லைக்கு அப்பால் சுவீடனின் கிளாரா ஆற்றில் 1991வரை நீடித்தது. எல்வெரும் நகரிலுள்ள காட்டு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், மிதக்கும் மரங்களை வழிநடத்திய நீண்ட கொக்கிகளை அங்கு காணலாம். என் மகள் அதனைக் கண்டதும், “அப்பப்பா வீட்டு மாங்காய்த் தடி” என்றாள். அவள் கண்டது புகைப்படத்தில் மட்டுமே. முருங்கைக்காயும் மாங்காயும் பறிக்கும் எங்கள் கொக்கத்தடியும் ஆற்று மரம் தள்ளும் கொக்கியும் உருவத்தில் ஒன்றுதான். கருவிகளுக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லைப் போலும்.

திருப்புக் கொழுக்கி இல்லாதவர் கவலைப்பட வேண்டாம். அலவாங்கு இருக்கின்றது. நெம்புகோலைக் குறிக்கும் ‘அலவாங்கா’ என்ற போர்த்துக்கேயச் சொல்லே எம்மிடம் அலவாங்கு ஆயிற்று. எம்மவர் அதனைக் கதியால் போடக் குழி தோண்டுவதற்கே பெரிதும் பயன்படுத்தி, பெயரின் பொருளை மறந்தனர். 127 கிலோக் குற்றியின் ஒரு முனையை உயர்த்த 63 கிலோ தூக்க வேண்டும். அலவாங்கின் நுனியைக் குற்றிக்கு அடியிற் செலுத்தி, 10 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு கல்லை வைத்து, கல்லிலிருந்து ஒரு மீற்றர் தூரத்திற் பிடித்து அழுத்தினால் 6 அல்லது 7 கிலோ விசையே போதும். உயர்ந்த முனைக்கு அடியில் ஒரு சிறு கட்டையைத் தள்ளிவிட்டால், வாளை மண்ணிற் படாமல் ஓட்டி அந்த இடத்திலேயே அரியலாம். துலாவில் நீர் இறைத்த பரம்பரைக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

சரிவில் உருட்டுவோர் குற்றியின் மேற்பக்கத்திலேயே நிற்க வேண்டும். கீழ்ப்பக்கத்தில் எவரும் நிற்கலாகாது. பிள்ளைகள் அறவே கூடாது.

கொண்டு செல்லல்

பனி விழுந்தபின் நிலமே ஒரு கருவியாகிவிடுகின்றது. பிள்ளைகளின் பிளாஸ்ரிக் சறுக்குப் பலகையிற் குற்றியை வைத்துக் கயிற்றால் இழுத்தால் பனியில் அது இலகுவாக வரும். ‘ஸ்பார்க்’ என்னும் உதைசறுக்கு வண்டியும் இதற்கு உதவும். கோடையில் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி போதும். பாரம் சில்லின் பக்கமாக இருக்கும்படி அடுக்க வேண்டும். பிடியின் பக்கம் அடுக்கினால் பாதிப் பாரம் உமது கைகளுக்கே வந்துவிடும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய உண்மை ஒன்றுண்டு. நண்பரின் 57 கிலோக் குற்றியை அது கிடந்த இடத்திலேயே மூன்றாக அரிந்திருந்தால் ஒவ்வொன்றும் 19 கிலோ. இந்நாட்டு அடுப்புக்குரிய 30 சென்ரிமீற்றர் நீளமும் அதுவே. அங்கேயே நாலாகப் பிளந்திருந்தால் ஒவ்வொரு துண்டும் 5 கிலோவுக்குக் குறைவு. கோடை முழுதும் காற்றில் உலரவிட்டால், பச்சை மரத்தின் பாரத்தில் பாதிக்கு அருகேயுள்ள நீரிற் பெரும்பகுதி போய், மூன்றிலொரு பங்கு பாரம் தானே குறையும். நண்பர் ஏன் அரியவில்லை? வாளின் பெற்றோல் தீர்ந்திருந்தது. வீட்டிற்குக் கொண்டுபோய் அரியலாம் என்று எண்ணினார். வாகனம் 40 மீற்றர் தூரத்தில் நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று

இருவர் சேர்ந்து தூக்கும்போது நேரும் விபத்து தனி வகையானது. என் கதை இது. நானும் நோர்வேஜிய அயலவரும் ஆளுக்கொரு குறட்டோடு ஒரு குற்றியின் இரு முனைகளிலும் நின்றோம். அவர் ‘என், தூ, த்ரே’ என்று எண்ணினார். நான் மூன்றிலே தூக்கினேன். அவர் மூன்று சொல்லி மூச்செடுத்து, அதன்பின் ‘நோ’ என்று சொல்லித் தூக்குபவர். ‘நோ’ என்றால் இப்போது என்று பொருள். என் முனை எழும்பி, அவர் முனை நிலத்திலே கிடக்க, குற்றி சுழன்று என் சப்பாத்தின்மேல் இறங்கியது. கால்விரல் நகமொன்று கறுத்து விழுந்தது. உருக்கு முனைச் சப்பாத்து அணிந்திருக்கவில்லை என்ற குற்றம் என்னுடையது. அன்றுமுதல், எண்ணுமுன் எந்தச் சொல்லிலே தூக்குவது என்று கேட்டுவிட்டே குனிகிறேன். இறக்கும்போதும் அவ்வாறே.

புதிதாக வந்து, மொழி இன்னும் பிடிபடாமல், நாட்கூலிக்கு விறகு வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு இது மேலும் முக்கியம். அவர்களிற் பலர் குறடோ கொழுக்கியோ உருக்கு முனைச் சப்பாத்தோ கேட்பதில்லை. கேட்டால் நாளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம். நோர்வேயின் தொழிற்சூழல் சட்டம் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வேலை பாதுகாப்பாக நடைபெறுவதற்கான பொறுப்பை அது வேலை கொடுப்பவர்மேல் வைக்கின்றது. பாதுகாப்புச் சாதனங்களும் அவர் செலவிலேயே வரவேண்டும். சங்கிலி வாளைக் கையில் தருபவர் அதற்குரிய பயிற்சியையும் தரவேண்டும். சட்டம் காட்டுக்குள் வந்து நிற்பதில்லை என்பதை நானும் அறிவேன். சென்ற ஆண்டு ஓர் இளைஞன் என்னிடம், “அண்ணை, முதல்நாளே கேட்டால் என்னைப் பஞ்சி பிடித்தவன் என்று நினைப்பினம்” என்றான். சொந்தக் குறடு ஒன்றை வாங்கி இடுப்பிற் செருகிச் செல் என்றேன். அவன் அவ்வாறே சென்றான். வேலை கொடுத்தவர் அதனைப் பார்த்துவிட்டு, நீ முன்பே இவ்வேலை செய்தவனா என்று கேட்டாராம்.

பழைய சந்தையில்

புதிய கருவி வாங்கப் பணமில்லாதோர் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பாடசாலை வாத்தியக் குழுக்கள் நடத்தும் ‘லொப்பெமார்க்கெட்’ என்னும் பழம்பொருட் சந்தைகளுக்குச் செல்லுங்கள். இறந்துபோன முதியவர்களின் கொட்டில்களிலிருந்து வரும் கருவிகள் அங்கு மிக மலிவு. பழைய உருக்கு பெரும்பாலும் நல்லது. துருவைக் கண்டு அஞ்ச வேண்டாம். மேற்றுரு கம்பித் தூரிகையாற் போய்விடும். அஞ்ச வேண்டியது வெடிப்புக்கு. கொழுக்கியின் வளைவின் உட்புறத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். குறட்டின் ஆணியை ஆட்டிப் பாருங்கள். தாடைகள் பக்கவாட்டில் தளர்ந்து ஆடினால் கூர்கள் நேருக்கு நேர் சந்திக்கமாட்டா. ஆணிக்குப் பதில் திருகாணி இருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். மரப் பிடி தளர்ந்திருந்தால் புதிய ஆப்பு அடியுங்கள். நீரில் ஊறவைத்து இறுக்குவது ஒரு கிழமைக்கே தாங்கும். உலர்ந்ததும் முன்னினும் தளரும். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி, பூசிய துணியை வெளியே விரித்து உலரவிடுங்கள். சுருட்டி மூலையிற் போட்டால் அத்துணி தானாகவே தீப்பற்றக்கூடும்.

நண்பர் இப்போது நடமாடுகிறார். குனிவதற்கு மருத்துவர் இன்னும் இசையவில்லை. ஆயினும் சென்ற சனிக்கிழமை சந்தைக்கு என்னோடு வந்தார். ஒரு மேசையில் மூன்று குறடுகள் கிடந்தன. நான் புதிதுபோல் மினுங்கியதை எடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்து, தாடையை விரித்து, தம் கைத்தடியின் பிடியைக் கவ்வச் செய்து இழுத்தார். வழுக்கியது. கறுத்துக் கிடந்த மற்றொன்றை எடுத்தார். அது கவ்வியது. விற்பனைக்கு நின்ற சிறுமி 50 குரோணர் என்றாள். 40க்குத் தருவாயா என்று நண்பர் கேட்டார். அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள், தாய் தலையசைத்தாள். வீடு வரும் வழியெல்லாம் அக்குறடு அவர் மடியிலேயே இருந்தது.